ஆதம்பாவா காக்காவின் இரண்டு லாச்சி மேசை

செய்தி வந்தபோது நான் கல்முனைச் சந்தையில் போஞ்சிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா போயிட்டார்" என்றாள். "எங்க போயிட்டார்?" என்று கேட்டேன். என் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்கா எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருக்கிற மனிதர், அதனால் அப்படித்தான் கேட்க வந்தது. நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், அவர் மனைவி, என் மதினி, தேநீர் கொண்டுவந்து கூப்பிட்டபோது எழும்பவில்லையாம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆரு ஸேர்?" என்றார். சொன்னேன். "டிரான்ஸ்லேட்டர் காக்காவா? போன கிழமையும் இவடத்த நிண்டு, போஞ்சி ஒல்லாந்தன்ட சொல்லு எண்டு பெரிய கத கதைச்சாரே! கடைசில போஞ்சி வாங்காமப் போயிட்டார் மனிசன்" என்றார். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றிலிருந்து இப்படித்தான். அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் பாதியில் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆகவே இந்த நினைவுக் குறிப்பிலும் சிரிப்பு வந்தால் அவரை அறிந்தவர்கள் தப்பாக எடுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பொத்துவிலில் பிறந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். ஓய்வுபெறும் வரை ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக, சிங்களத்தைத் தமிழாக்கி, தமிழைச் சிங்களமாக்கி உட்கார்ந்திருந்தார். நானும் அவரும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள். அவர் மூத்த மாப்பிள்ளை, நான் இளைய மாப்பிள்ளை. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் வேலி இல்லை. எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், அலுமாரியும் கட்டிலும் அவளுடையவை. ஆண் வருவது ஒரு சூட்கேசோடு. நிந்தவூரிலிருந்து நான் வந்ததும் அப்படித்தான்.

கலியாணத்துக்கு மறுநாள் காலை. கழற்றிய சாரனை எங்கே மடித்து வைப்பது என்று தெரியாமல் சூட்கேசைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வாசலில் வந்து நின்ற காக்கா, ஸலாம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, லாச்சி தந்தாங்களா?"

நான் விழித்தேன். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சமையல் நடந்த குசினிப் பக்கம் திரும்பி, "மாமி! தம்பிக்கு இன்னும் லாச்சி குடுக்கல்லயா?" என்று சத்தம் போட்டார். மாமி, எங்கள் மனைவிமாரின் உம்மா, ஓட்டமும் நடையுமாக வந்தார். அலுமாரியின் நடுவில், இழுத்துத் திறக்கும் அந்தச் சிறிய பெட்டியை, அதாவது லாச்சியை, இழுத்து, அதிலிருந்த மகளின் வளையல்களையும் சால்வைகளையும் அள்ளி எடுத்தார். வெறும் லாச்சியின் திறப்பை, அதன் சாவியை, என் கையில் வைத்து, "மறந்துபோச்சு மனே, கோவிச்சுக்காதீங்க" என்றார். புது மாப்பிள்ளைக்குக் கோழிப் பொரியல் கொடுக்க மறந்திருந்தால்கூட மாமி அவ்வளவு பதறியிருக்கமாட்டார்.

பிறகு ஒரு மாலை, கடற்கரையில் நடக்கும்போது காக்கா காரணத்தைச் சொன்னார். அவர் அந்த வீட்டுக்கு வந்த காலத்தில் சாப்பாட்டுக்கும் மரியாதைக்கும் குறையிருக்கவில்லை. ஆனால் மாதக்கணக்காக அவருடைய உடுப்பு கட்டிலுக்கடியில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் குனிந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது மாமி கண்டுவிட்டார். கண்டவர் உடனே போய், தன்னுடைய லாச்சியையே காலியாக்கிக் கொடுத்தாராம்.

"கட்டில் இரிக்கி, கதிர இரிக்கி, முட்டப் பொரியல் இரிக்கி. என்ட பேனய வைக்க ஒரு இடம் இல்ல. பெட்டிய வெச்சிக்கிட்டு இருக்கிறவன் விருந்தாளி தம்பி. லாச்சி தந்த அண்டைக்குத்தான் எனக்குக் கலியாணம் முடிஞ்ச" என்றார்.

நான் தமிழ் ஆசிரியன். எனக்கு அவருடைய கதை பிடித்தது, சொல் பிடிக்கவில்லை. வளவுக்குத் திரும்பி மாமரத்தடியில் நின்றபோது, "இழுப்பறை எண்டு நல்ல தமிழ்ச் சொல் இருக்கே காக்கா" என்றேன். "நல்ல சொல்லுதான். ஒருக்கா உங்கட பொஞ்சாதிக்கிட்டச் சொல்லிப் பாருங்க, நான் இஞ்ச நிண்டு கேக்கிறன்" என்றார். ரோசத்தில் நானும் உள்ளே பார்த்து, "இழுப்பறைக்குள்ள என்ட மூக்குக் கண்ணாடி இரிக்கி, எடுத்திட்டு வாங்க" என்று சத்தமாகச் சொன்னேன். என் மனைவி வெளியே வந்து என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "காக்கா, இவருக்கு என்ன, காய்ச்சலா?" என்று கேட்டாள். அவர் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வழக்கில் எனக்கு இன்றுவரை மேல்முறையீடு கிடையாது.

அவர் சொன்ன கணக்கு இது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இழுத்துத் திறக்கும் பெட்டியை 'லாடெ' என்பார்கள். சிறிய பொருளைச் செல்லமாகச் சொல்லும்போது சொல்லின் கடைசியில் ஒரு குட்டி வாலை ஒட்டுவது அவர்கள் பழக்கம். ஒட்டினால் அது ஏறக்குறைய 'லாச்சே' என்று காதில் விழும். போஞ்சியின் கடைசியில் இருப்பதும் அதே வால்தான். சிங்களவர் அதை 'லாச்சுவ' என்று எடுத்துக்கொண்டார்கள், நாங்கள் லாச்சி என்று வைத்துக்கொண்டோம். அலுமாரியையும் மேசையையும் அதற்கு முன்னரே போர்த்துக்கீசர் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். "மேசை போர்த்துக்கீசன்ட, லாச்சி ஒல்லாந்தன்ட, திறப்பு மட்டும் நம்மட" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். எத்தனையோ கலியாண வீடுகளில் பலர் கூடி உண்ணும் சோற்றுச் சகனுக்கு முன்னால் இருந்தபடி அவர் இதைச் சொல்லி, பக்கத்திலிருந்தவர்கள் இறைச்சியை முடிப்பதற்கு உதவியிருக்கிறார்.

வந்த சொல்லானாலும் எங்கள் பேச்சில் அது பல வேலை பார்க்கிறது. கந்தோரில் மனுக் கொடுத்தவர் "லாச்சிக்குள்ள போட்டுட்டானுகள்" என்று சொன்னால், அது இனி வெளியே வராது என்று பொருள். பிள்ளைகளின் உடைந்த பென்சில், பழைய பட்டரி, எந்தப் பூட்டுக்கும் சேராத திறப்பு எல்லாம் போய்ச் சேருமிடம் குசினி லாச்சி. ஒரு வீட்டில் ஒன்றைக் காணவில்லை என்றால் முதலில் சொல்வது "லாச்சியப் பாருங்க" என்றுதான். இரகசியம் காக்கத் தெரியாதவரைக் காக்கா "அவர்ட வாய் பூட்டில்லாத லாச்சி" என்பார். அது அவரே கட்டியது. யாரைப் பற்றிச் சொன்னார் என்று நான் எழுதினால் எனக்கும் அதே பெயர் வரும்.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததைச் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டுச் சாமான் நனைந்து பாழாய்ப்போன குடும்பங்களுக்குக் கொடுக்கவென்று யாரோ புண்ணியவான்கள் லொறியில் மரச்சாமான் அனுப்பியிருந்தார்கள். "இழுப்பறைப் பேழைகள் வழங்கப்படும்" என்று அரசாங்கக் கந்தோரொன்றின் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் போன காக்கா, வேலியோரம் நின்ற ஒரு முதியவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். "பேழை எண்டா பெட்டி தானே? உசிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கு மையத்துப் பெட்டி?" என்றாராம் அவர். காக்கா அங்கேயே பேனையை எடுத்து, அந்த வரியை வெட்டி, "லாச்சி அலுமாரி குடுக்கிறாங்க, வாங்க" என்று எழுதினார். மாலை அஸர் தொழுகைக்கு முன் லொறி காலி. அரசாங்க அறிவித்தலில் கைவைத்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள். "நான் மொழிபெயர்த்தன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இப்படிச் சிரித்துச் சிரிக்க வைத்த மனிதர் சிரிப்பை மறந்திருந்ததை ஒரே ஒரு காலத்தில்தான் பார்த்தேன். அது அவருடைய ஒரே மகள் சிபானாவின் கலியாணப் பேச்சின்போது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவளுக்கு அறிமுகமான இர்பானின் ஊர் கண்டிக்குப் பக்கத்து அக்குறணை. நல்ல பையன், நல்ல குடும்பம். ஆனால் அவர்கள் பக்கத்தில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். இங்கேயோ சிபானாவின் பெயரில் வீடு கட்டி, பூசி, நிலத்துக்கு மாபிளும் போட்டாயிற்று. "பொம்புளப் புள்ளய ஆராவது ஏத்தி அனுப்புவாங்களா?" என்று ஊர் வாய்விட்டுக் கேட்டது. மதினி அழுதார். காக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், தோணியொன்றில் சாய்ந்து நின்றார்.

"தம்பி, ஊர்க் கத எனக்குப் பெரிசில்ல. பெட்டியோட ஒரு வீட்டுக்குள்ள வந்தவன் நான். அதுட பாரம் எனக்குத் தெரியும். என்ட புள்ளையும் கட்டிலுக்கடியில பெட்டிய வெச்சிக்கிட்டு இருந்திடுவாளோ எண்டுதான் நெஞ்சு அடிக்கிது" என்றார்.

எங்கள் கரை ஆண்களுக்குத்தான் அது தெரியும் என்று அப்போது விளங்கியது. வேறு ஊர்களில் பெண்கள் சுமக்கிறதை இங்கே நாங்கள் சுமந்திருக்கிறோம். ஆனால் அதை வெளியே சொன்ன ஆண்பிள்ளை எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அன்று அவர்மேல் எனக்கு வந்த பாசம் பிறகு குறையவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தார்கள். வட்டிலப்பம் பரிமாறி, திகதி பேசத் தொடங்கும் நேரத்தில் காக்கா தொண்டையைச் செருமினார். "ஒரு விசயம் கேக்கோணும். அங்க என்ட புள்ளைக்கு லாச்சி இரிக்கா?"

இவர் சீதனச் சாமானைப் பற்றிக் கதைக்கிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். இர்பானின் வாப்பா அவசரமாக, "எங்களுக்குச் சாமான் ஒண்ணும் தேவல்ல ஹாஜியார், அல்ஹம்துலில்லாஹ், ஊட்டுல எல்லாம் ஈக்குது" என்றார். "நான் சாமானக் கதைக்கல்ல, இடத்தக் கதைக்கிறன்" என்றார் காக்கா. மதினி திரைக்குப் பின்னாலிருந்து இருமினார். நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இர்பானின் உம்மா, ஹாஜரா உம்மா, மட்டும் காக்காவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கோபமா, வேறெதுவுமா என்று அந்த நேரம் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கலியாணம் முடிந்து சில வாரங்களில் அக்குறணைக்குப் போனோம், அவரும் நானும். மகளைக் கண்டதும் சுகம் விசாரித்தார், அதற்கடுத்த மூச்சில் அறையைப் பார்க்கக் கேட்டார். நான்கு கதவு வைத்த பெரிய அலுமாரி ஒன்று நின்றது. "முழுக்க மருமகள்ட தான்" என்றார் சம்பந்தி. திறந்து பார்த்தால் உள்ளே தட்டுகள்தான், லாச்சி இல்லை. "பூட்டி வைக்க இந்த ஊட்டுல கள்ளன் இல்லயே ஹாஜியார்" என்று சம்பந்தி சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. "கள்ளனுக்குப் பூட்டுத் தேவல்ல, அவன் உடைச்சி எடுப்பான். நல்லவங்கதான் பூட்டக் கண்டா நிப்பாங்க. அவங்களுக்குத்தான் பூட்டு" என்றார்.

சிபானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவடியில் நின்ற ஹாஜரா உம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

"மருமகளுக்குக் கேக்கிறீங்க. எனக்கே இந்த ஊட்டுல லாச்சி ஒண்ணு இல்ல ஹாஜியார். கலியாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து ஏன்ட கண்ணாடியும் மருந்தும் பிரிட்ஜுக்கு மேலதான் ஈக்குது."

சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார். சம்பந்தி முகட்டைப் பார்த்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது காக்கா மகியங்கனை வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்து ஆசனக்காரர் அவருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார். மகியங்கனையில் தேநீருக்கு இறங்கியதும், "ரெண்டு வைக்கோணும் தம்பி" என்றார். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை.

கல்முனையில் தச்சு வேலை செய்யும் ஓர் ஓடாவியிடம் தேக்கில் மேசை செய்யச் சொன்னார். இரண்டு லாச்சியும் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒன்றின் திறப்பு மற்றதைத் திறக்கக்கூடாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு திறப்பையும் மற்றப் பூட்டில் போட்டுத் திருகிப் பார்த்தார். "ஒரு வீட்டுக்குள்ளதானே ஹாஜியார், ஆரு திறக்கப்போறா?" என்று ஓடாவி கேட்டதற்கு, "அதுக்குத்தான்" என்றார்.

கண்டி பஸ்ஸில் மேசையை ஏற்றினோம். லாச்சிகளைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. அவர் விடவில்லை. முதல் பூட்டை உரியவர்கள்தான் போடவேண்டுமாம். கயிற்றால் கட்டினார். மகியங்கனைக்கு அப்பால் மலைப்பாதையின் பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கியதும் கயிறு அவிழ்ந்தது. ஒரு வளைவில் இடப்பக்க லாச்சி வெளியே வந்தது, அடுத்த வளைவில் வலப்பக்க லாச்சி வந்து கொண்டக்டரின் முழங்காலில் இடித்தது. கடைசியில் இரண்டையும் கழற்றி, ஒன்றை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மற்றதை ஒரு சிங்களப் பெண் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். காக்கா எழுந்து நின்று கம்பியைப் பிடித்தபடி, லாச்சுவ எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். முன் ஆசனக்காரர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஒருவர் அப்படியானால் மேசை யாருடையது என்று கேட்க, அடுத்த வளைவு வரை போர்த்துக்கீசர் வந்தார்கள். இறங்கும்போது பார்த்தால் அந்தப் பெண் லாச்சிக்குள் நான்கு கொய்யாப்பழங்களை வைத்துத் தந்திருந்தார்.

அக்குறணையில் சிபானா திறப்பை வாங்கி வாப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஹாஜரா உம்மா தன் திறப்பை வாங்கி, வெறும் லாச்சியை மூடிப் பூட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எங்களுக்குச் சோறு போட்டார். பிரிட்ஜுக்கு மேலே இப்போது தூசு மட்டும்தான் இருக்கிறது என்று பிறகு இர்பான் சொன்னான்.

ஜனாஸா அடக்கத்துக்கு அவர்கள் எல்லாரும் வந்தார்கள். மதினியைக் கட்டிப்பிடித்து அழுத ஹாஜரா உம்மா, என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன்ட லாச்சிக்குள்ள என்ன ஈக்குதெண்டு இன்னம் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். மையத்து வீட்டில் சிரிக்கக்கூடாது என்று நான் வெளியே போய்விட்டேன்.

மூன்றாம் நாள் ஓதல் முடிந்து அவர்கள் திரும்பிப் போனார்கள். கணவரை இழந்த மதினி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருப்பதால் சிபானா உம்மாவோடு நின்றாள். போன வாரம் அவளுக்கு ஏதோ வேலை விண்ணப்பத்துக்குப் பட்டச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது அக்குறணையில், அவளுடைய லாச்சிக்குள். தன் மாமி ஹாஜரா உம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் உள் அறையில் இருந்த மதினிக்கும் கேட்டது.

"மாமி, என்ட லாச்சிக்கு இன்னொரு திறப்பு அலுமாரி மேல் தட்டுல, துணிக்கடியில இரிக்கி. நீங்க திறந்து எடுத்து, இர்பான்ட்ட குடுத்து அனுப்புங்க."

ஹாஜரா உம்மாவின் குரல் கொஞ்சம் கடுப்பாகவே வந்தது. "திறப்பு எங்க ஈக்குதெண்டு எனக்குச் சொல்லவாணாம் புள்ள. நான் திறக்கமாட்டன், ஏன்ட மகனையும் திறக்க உடமாட்டன். அவசரமெண்டா கெம்பஸுல வேற கொப்பி ஒண்ணு கேட்டு எடு. உம்மாட இத்தா நல்லபடி முடியட்டும். அதுக்குப் பொறகு ஊட்டுக்கு வந்து நீயே திற."

காக்கா போன நாளிலிருந்து சிரிக்காத மதினி உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. "தம்பி, கேட்டீங்களா? உங்கட காக்கா இருந்தா, இதச் சொன்னதுக்கே இண்டைக்கு அக்குறணைக்கு பஸ் ஏறியிருப்பார்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சிபானா எழுந்து உம்மாவிடம் போனாள்.

ஒல்லாந்தரையும் போர்த்துக்கீசரையும் அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் பங்குபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது அந்தத் தொலைபேசிக் குரலை. மகளை முன்பின் அறியாத வீட்டுக்குக் கொடுத்த ஒரு வாப்பா நிறைந்த சபையில் வெட்கப்படாமல் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு முழுப் பதில் அன்றுதான் வந்தது. அதைக் காதால் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவருக்காக நான் கேட்டு வைத்திருக்கிறேன்: "ஊட்டுக்கு வந்து நீயே திற."